நாலு கிகாஹெர்ட்ஸ் போதும்

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது பிரோட் ஊரில் பிறந்தவனுக்கு அழகல்ல. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர்கள் என்று செர்பியா முழுக்க எங்களைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். இருப்பதிலிருந்து இன்னும் கொஞ்சம் கறப்பது எங்களுக்குக் கிட்டத்தட்ட பக்தி மாதிரி. அதனால் ரதோமிர் தன்னுடைய ஏழு வருஷத்துக் கம்ப்யூட்டரைப் பிரித்து, அதன் பிராசஸரின் வேகத்தைக் கூட்டப் போகிறார் என்றதும் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர் மனைவி ருமெனா மட்டும், "வீட்டைக் கொளுத்தாம இருந்தா சரி" என்றாள்.

ஆனால் இந்த முறை காரணம் சிக்கனம் அல்ல. காரணம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி.

அவர்களுடைய ஒரே மகள் கலினா நாலு வருஷமாக ஆஸ்திரியாவில், கிராட்ஸ் நகரத்தில் இருக்கிறாள். செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் வேலை. போனில் பேசினால் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழை என்று இரண்டே நிமிஷத்தில் பேச்சு வற்றிவிடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் அவள்தான். ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாடு முடிந்ததும், அங்கே அவளும் இங்கே அப்பாவும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கேமுக்குள் புகுந்துவிடுவார்கள். ஒரே கயிற்றில் கட்டப்பட்ட இரண்டு பேர் மலையேறும் கேம் அது. ஒருவர் ஏறுவார், மற்றவர் கீழே நின்று கயிற்றைப் பிடிப்பார். ஏறுகிறவர் சறுக்கினால், பிடிக்கிறவர் இடது கையால் ஒரு பொத்தானை அந்தக் கணமே அமுக்கிக் கயிற்றைப் பூட்ட வேண்டும். தவறினால் பாதாளம். கை பாறையில் இருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். கலினா ஒருவனைக் காதலித்ததும், அவன் உதவாக்கரை என்று தெளிந்ததும், ரதோமிருக்கு அந்த மலையில்தான் தெரிந்தது.

போன நவம்பரில் ரதோமிருக்கு மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு. எட்டு நாள் ஆஸ்பத்திரி. டயர் ஆலையில் முப்பத்தோரு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்த அவரை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று மகளிடம் சொன்னார், மனைவியிடம் சொன்னார், கண்ணாடியிடமும் சொன்னார். இடது கையை மட்டும் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. அதற்குக் குளிர் காரணம் என்றார். ஜூலை வந்த பிறகு எந்தக் காரணமும் சொல்லவில்லை.

மார்ச்சில் அந்த கேமுக்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. அதற்குப் பிறகு கலினா விழ ஆரம்பித்தாள்.

"அப்பா, பிடி! அப்பா!" என்று கத்துவாள். ரதோமிர் அமுக்குவார். படம் ஒரு கணம் உறைந்து நின்று, மறுபடி அசையும்போது அவள் பாதி வழியில் கீழே போய்க்கொண்டிருப்பாள்.

"என் கை இல்லம்மா. மெஷின் திக்குது" என்பார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சமையலறையிலிருந்து ருமெனாவின் குரல் வரும்.

ஜூலை முதல் ஞாயிறு கலினா பாறையில் தொங்கியபடியே விஷயத்தைச் சொன்னாள். கூடத்தில் அவளை நிரந்தரமாக்குகிறார்கள். பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மூன்று வருஷத்துக்கு நகர முடியாது.

"போடுடி. யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ரதோமிர்.

"நீ இப்படி இருக்கும்போது எப்படிப்பா போடுறது? ஒவ்வொரு வாரமும் கவனிக்கிறேன். நீ லேட்டாகிக்கிட்டே போற. பேசாம நான் வீட்டுக்கே வந்துடறேன்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், ரதோமிருக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்தச் சந்தோஷத்துக்காக அன்று முழுவதும் வெட்கப்பட்டார். பிரோட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது? அப்பனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறென்ன வேலை? அவள் வரக் கூடாது. தான் நன்றாக இருப்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும், பார்ப்பதற்கு இருக்கும் ஒரே இடம் அந்தப் பாறைதான். ஆக, மெஷின் திக்கக் கூடாது.

மறுநாளே கம்ப்யூட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெல்கோவின் வீட்டுக்குப் போனார். வெல்கோ அவரோடு ஆலையில் வேலை பார்த்தவர், அவருடைய கல்யாணத்தில் சாட்சி நின்றவர். எங்கள் பக்கம் அந்த உறவுக்குக் 'கூம்' என்று பெயர். கூடப் பிறந்தவன்கூட அதற்கு அடுத்தபடிதான். எதையும் முறுக்கேற்றினால் சரியாகிவிடும் என்பது வெல்கோவின் மதம். காரையும் மோட்டார் பம்பையும் அப்படித்தான் கெடுத்திருக்கிறார்.

"கிராபிக்ஸ் கார்டை மாத்தணுமா கூமே?" என்று கேட்டார் ரதோமிர்.

"அது பாவம், சும்மா உக்காந்திருக்கு" என்றார் வெல்கோ, பெட்டியைத் திறந்தபடி. "அது படம் வரையுற ஆளு. பிராசஸர்தான் கணக்குப்பிள்ளை. கயிறு எங்க வளையுது, எவ்வளவு இழுக்குது, உன் பொண்ணு எவ்வளவு கனம், எல்லாத்தையும் ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் போட்டுக் குடுத்தாத்தான் இவன் வரைவான். மார்ச்சுலேர்ந்து கயித்துல ஒவ்வொரு முடிச்சுக்கும் தனிக் கணக்காம். கணக்குப்பிள்ளை திணறுறான். ஓவியன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான்."

"அப்போ கணக்குப்பிள்ளையை விரட்டணும்."

"விரட்டுவோம்! இவன் தானா நாலு புள்ளி மூணு கிகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஓடுவான். நான் நாலு புள்ளி ஏழுக்கு ஓட்டிக் காட்டறேன்."

வெல்கோவின் பட்டறை வீட்டுக்கு அடியில், நிலவறையில். ஜாடி ஜாடியாக மிளகாய் ஊறுகாய், பன்றிக் கொழுப்பு, மூலையில் ஒரு பீப்பாய் முட்டைக்கோஸ். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே பதினெட்டு டிகிரி. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒரு நிமிஷப் பரிசோதனையை ஓட்டினார்கள். முன்னைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிக மதிப்பெண். வெல்கோ பிளம் சாராயத்தை ஊற்றிக் கொண்டாடினார். ரதோமிர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் ராஸ்பெரி சர்பத் குடித்துக் கொண்டாடினார். ஏழு வருஷத்துப் பெட்டியிலிருந்து பத்தில் ஒரு பங்கு இலவசம்! பிரோட்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்த நாள், ஞாயிறுவரை காத்திருக்க முடியாமல், மகளை மெசேஜ் போட்டு வரவழைத்தார். அவள் வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்தாள்.

முதல் பத்து நிமிஷம் பறந்தது. திரையின் மூலையில், நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண் தொண்ணூறில் நின்றது. கலினா இரண்டு முறை சறுக்கினாள். முதல் முறை கயிறு இறுகிப் பிடித்தது. அடுத்த முறையும் அவள் ஓர் ஆள் உயரம்தான் இறங்கினாள், ஆபத்தில்லை. "அடேயப்பா!" என்றாள். ரதோமிருக்கு முப்பது வயது குறைந்தது.

பதினோராவது நிமிஷம் அந்த எண் நாற்பதுக்கு விழுந்தது. எண்பதுக்கு ஏறியது. முப்பத்தைந்துக்கு விழுந்தது. முன்பு படம் திக்கியது, இப்போது வலிப்பு வந்ததுபோல் வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு தடவை வேகமாக இருக்கும் என்று நம்பி அமுக்கினால் தாமதம். தாமதமாகும் என்று முன்கூட்டி அமுக்கினால் கயிறு அகாலத்தில் பூட்டிக்கொண்டு அவளைப் பாறையிலிருந்து பிய்த்து எறிந்தது. கலினா ஆறு முறை செத்தாள்.

"அப்பா" என்றாள், குரலைத் தாழ்த்தி. "முதல்ல நல்லாத்தானே இருந்தே. பத்து நிமிஷத்துல களைச்சுப் போயிட்டியா?"

ஏச்சையெல்லாம் தாங்கிவிடலாம், இந்தக் கரிசனத்தைத் தாங்க முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கோபமாக மேஜைக்கு அடியில் கை விட்டவர், சுட்டுக்கொண்டு வெடுக்கென்று இழுத்தார். ரொட்டி அடுப்பு மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டி அங்கே ஒரு மர அலமாரிக்குள் இருந்தது. அதன் தலையில், சூடு வெளியேறும் துளைகளுக்கு மேல், ருமெனா பின்னிய வெள்ளை நூல் விரிப்பு. டிவி மேலும் ரேடியோ மேலும் ஃப்ரிட்ஜ் மேலும் இருப்பது இதற்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது என்று போட்டிருக்கிறாள். சர்க்கரைத் தண்ணீரில் முக்கி, விறைக்க வைத்த விரிப்பு. அந்தச் சூட்டில் சர்க்கரை இளகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மூச்சை அடைச்சு வச்சிருக்கியேடி!"

"அம்மணமா இருக்கட்டும்னு விடச் சொல்றியா? யாராவது வீட்டுக்கு வந்தா என்ன நினைப்பாங்க?"

மறுநாள் வெல்கோ வந்து, சூட்டையும் வேகத்தையும் ஒரே திரையில் கோடு போட்டுக் காட்டினார். வேகக்கோடு ரம்பத்தின் பல்லைப்போல் ஏறி ஏறி விழுந்தது. "நூறு டிகிரியைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைப் பாதியாக் குறைச்சுக்குது. ஆறினதும் மறுபடி நாலு புள்ளி ஏழுக்குப் பாயுது. மறுபடி சுடுது. நிலவறையில ஒரு நிமிஷம் ஓட்டினப்போ தெரியல" என்றார், கொஞ்சம் அசடு வழிந்தபடி. "அலமாரியை விட்டு வெளிய எடு. ரெண்டு பக்க ஜன்னலையும் திற. காத்து குறுக்கால போகட்டும்."

"முடியாது" என்றாள் ருமெனா.

எதிரெதிர் ஜன்னலைத் திறந்தால் நடுவில் ஓடும் காற்றுக்கு 'ப்ரோமாயா' என்று பெயர். எங்கள் ஊரில் பேயைக்கூட நம்பாதவர்கள் உண்டு, ப்ரோமாயாவை நம்பாதவர் இல்லை. கழுத்துப் பிடிப்பும் பல்வலியும் வாய் கோணுவதும் அதனால்தான். முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் பஸ்ஸில் வெந்து சாவார்களே தவிர இரண்டாவது ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள்.

"அண்ணி, இது கம்ப்யூட்டருக்கு..." என்று தொடங்கினார் வெல்கோ.

"நவம்பர்ல இவன் ஆலையில குளிச்சிட்டு ஈரத் தலையோட ரெண்டு கதவுக்கு நடுவுல நின்னுக்கிட்டிருந்தான். நீயும் கூடத்தான் நின்னே. அந்தக் காத்துதான் இவனைச் சாய்ச்சுது. டாக்டர் என்ன வேணா சொல்லட்டும்." அவள் ஜன்னல் முன்னால் போய் நின்றுகொண்டாள். "இன்னொரு தடவை என் வீட்டுக்குள்ள அதைக் கூப்பிட மாட்டேன்."

வெல்கோ கிளம்பிவிட்டார். அவள் பயப்படுகிறாள் என்பது ரதோமிருக்குத் தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அன்று மாலை முழுக்க அந்த ரம்பக்கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆலையில் அவர் பார்த்துக்கொண்டது ரப்பர் தகடு ஓடும் பட்டையின் மோட்டார்களை. புதிதாக வந்த மேற்பார்வையாளர்கள் எல்லோரும் முதலில் வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள். பட்டை ஒரு நிமிஷம் ஓடி, ஒரு நிமிஷம் தயங்கினால் தகடு கிழிந்துவிடும். மெதுவாக ஓடினாலும் ஒரே சீராக ஓடினால் கிழியாது. முப்பத்தோரு வருஷம் அவர் செய்த வேலையே அதுதான். அதைத் தன் வீட்டு மேஜையில் மறந்துவிட்டு, வெல்கோவின் பேச்சைக் கேட்டு ஆடியிருக்கிறார்.

பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வைத்து, வேகத்தைக் குறைத்தார். நாலு புள்ளி ஐந்து சுட்டது. நாலு புள்ளி இரண்டு அரை மணி தாங்கிற்று. கடைசியில் நாலு என்று கட்டிப் போட்டு, ஏற்றிய மின்னழுத்தத்தை இறக்கினார். கேட்ட வெல்கோ போனில் துடித்தார்: "குதிரையைக் கழுதையாக்கிட்டியேடா! அதுவா ஓடினதைவிடக் கம்மி!"

"உன் குதிரை நூறு அடி ஓடிட்டு நுரை தள்ளிப் படுக்குது. என் கழுதை எல்லை தாண்டி சோஃபியா நகரம் வரைக்கும் போகும்" என்றார் ரதோமிர். ஆனால் முழுக்க உண்மையில்லை. மூடிய அறையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கழுதையும் வியர்த்தது. கலினாவோடு ஏற வேண்டிய உச்சிக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

பதினான்காம் தேதி, ஞாயிறு. முப்பத்தேழு டிகிரி. மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ருமெனா உள்ளே வந்தாள். கழுத்தில் கம்பளிச் சால்வை. காதுகளில் பஞ்சு. கையில் இன்னொரு சால்வை. ஒரு வார்த்தை பேசாமல் அதை ரதோமிரின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். கிழக்கு ஜன்னலைத் திறந்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு மேற்கு ஜன்னலையும் திறந்தாள். பிறகு நாற்காலியைத் தூக்கி வந்து, அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போட்டு, காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். அடிப்பதானால் முதலில் என்னை அடி என்பதுபோல்.

"என்னடி இது?"

"வாயை மூடிக்கிட்டு விளையாடு. அவ நாளைக்குக் கையெழுத்துப் போடணும்."

விளையாடினார்கள். எண் எழுபத்திரண்டில் நின்றது. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, அதே எழுபத்திரண்டு. படம் எண்ணெய் போட்டதுபோல் வழுக்கி ஓடியது. கலினா சறுக்கினாள். ரதோமிர் அமுக்கினார். கயிறு தாமதமாகப் பூட்டியது. அவள் தாழ இருந்ததால் தப்பினாள். மறுபடி சறுக்கினாள். மறுபடி தாமதம். உச்சிக்கு முன்னால் ஒரு பெரிய தாவல். எதிர்ப் பாறைக்குத் தாவும்போது கயிறு பூட்டப்பட வேண்டும். தாவினாள். ரதோமிர் அமுக்கினார். அவள் விழுந்தாள். மறுபடி, மறுபடி.

எண்ணைப் பார்த்தார். எழுபத்திரண்டு. சூட்டைப் பார்த்தார். எழுபத்தெட்டு டிகிரி. வேகம் நாலு, இம்மி நகரவில்லை. பொத்தானின் மேல் கிடந்த தன் விரலைப் பார்த்தார். அமுக்கு என்று அதனிடம் சொன்னார். அது கேட்டுக்கொண்டது, யோசித்தது, அப்புறம் அமுக்கியது. கூடம் நேராகத்தான் இருந்தது.

"என்னப்பா, திரும்ப மெஷினா?" என்றாள் கலினா. அவர் ஆமாம் என்று சொல்வதற்காகவே கேட்டதுபோல் இருந்தது.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நாளை அவள் கையெழுத்துப் போடுவாள். ரதோமிர் திரும்பி ருமெனாவைப் பார்த்தார். சால்வைக்குள் வியர்த்துக்கொண்டு, பயத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு, இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தான் போட்டிருந்த பனியனையும் பார்த்தார். நவம்பருக்குப் பிறகு அவள் வாங்கி வந்த உடுப்பு எதிலும் மாட்ட வேண்டிய பொத்தான் இல்லை, அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"இல்லம்மா" என்றார். "மெஷின் நல்லா இருக்கு. இடது கைதான். நவம்பர்லேர்ந்து."

கலினா பாறை விளிம்பிலிருந்து ஓரடி பின்னால் வந்தாள்.

"எவ்வளவு?" என்றாள் கலினா.

"என்ன எவ்வளவு?"

"எவ்வளவு லேட்டு? எப்பவும் ஒரே அளவா?"

ரதோமிர் பொத்தானைப் பத்து முறை அமுக்கிப் பார்த்தார். "'ஒண்ணு'ன்னு சொல்ற நேரம். எப்பவும் அதேதான்."

"அவ்வளவுதானே! இத்தனை நாள் ஒரு தடவை கரெக்டாப் பிடிச்சே, ஒரு தடவை ரெண்டு நொடி கழிச்சுப் பிடிச்சே. நான் எதை நம்பித் தாவுறது? எப்பவும் 'ஒண்ணு'ன்னா நான் முதல்ல 'ஒண்ணு'ன்னு கத்திட்டு அப்புறம் தாவறேன். கேட்டதும் அமுக்கு."

"ஒண்ணு!" என்று கத்தினாள். அவர் அமுக்கினார். அவள் தாவினாள். நடு ஆகாயத்தில் கயிறு இறுகி, அவளை எதிர்ப் பாறையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

உச்சியில் பனி பெய்துகொண்டிருந்தது. கேமில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கலினா அழுவது ஹெட்போனில் கேட்டது.

"ஈஸ்டருக்கு வந்தப்பவே தெரியும்பா. முட்டையை வலது கையால மட்டும் உரிச்சே. நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன். கை எப்படியிருக்குன்னு தெரியாமத்தான் பயந்தேன். தெரிஞ்சா இங்கேயே இருப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்குக் கையெழுத்துப் போடறேன். ஆனா ஒவ்வொரு ஞாயிறும் நான் கேக்காமலே நீ சொல்லணும். கூடினாலும் குறைஞ்சாலும்."

"சொல்றேன்" என்றார்.

அவர் நினைத்தது நடந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு அவள் வரமாட்டாள். ஹெட்போனைக் கழற்றியபோது வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. ஆனாலும் எட்டு மாதத்தில் முதல்முறையாக மூச்சு முழுசாக இறங்கியது.

"போடறாளா?" என்றாள் ருமெனா, பஞ்சை எடுத்தபடி.

"போடறா."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, "இப்பவாவது ஜன்னலைச் சாத்தலாமா?" என்றாள்.

"உக்காரு. நான் சாத்தறேன்."

ரதோமிர் எழுந்து மேற்கு ஜன்னலுக்குப் போனார். பழக்கத்தில் வலது கையைத் தூக்கியவர் அதைக் கீழே விட்டுவிட்டு, இடது கையைப் பையிலிருந்து எடுத்தார். ஜன்னல் கதவை இழுத்தார். கொக்கி முதல் தடவை நழுவிற்று. உதவிக்கு எழப்போன ருமெனா நாற்காலியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். காற்று இன்னும் அவள் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. கொக்கி மாட்டும்வரை அவள் காத்திருந்தாள்.